வறட்டு இருமலுக்குச் சுக்குக் கஷாயம் குடுத்தா கூடுதே, எங்கே தப்பு?

திருமங்கலத்தாள்:

வீட்டுல ரெண்டு பேருக்கு இருமல். அம்மாவுக்கு 63 வயசு. பிரஷர், சுகர் ரெண்டுக்கும் மாத்திரை சாப்பிடுறாங்க. சளியும் காய்ச்சலும் வந்து போயிருச்சு, வறட்டு இருமல் மட்டும் 12 நாளா நிக்கலை. படுத்தா கூடுது, பேச ஆரம்பிச்சா கூடுது. சளின்னு ஒண்ணும் வெளியே வரலை. பையனுக்கு 4 வயசு. மூக்கு ஒழுகுது, நெஞ்சுல கரகரன்னு சத்தம், ராத்திரி இருமி இருமிக் கடைசியில வாந்தி எடுத்துடுறான். காய்ச்சல் இல்லை, பகல்ல நல்லா விளையாடுறான்.

வீட்டுல அரைச்ச பொடி இது: சுக்கு 100 கிராம், மல்லி 50, மிளகு 25, திப்பிலி 10. ஒரு டம்ளர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுப் பாதியா வத்தவெச்சு மூணு வேளை. அம்மாவுக்குக் கருப்பட்டி சேர்க்கலை. குடிச்ச உடனே தொண்டை எரியுது, அடுத்த அரை மணி நேரம் இருமல் இன்னும் கூடுது. பையன் ஒரு வாய் வாங்கித் துப்பிட்டான்.

நாட்டு மருந்துக் கடையில சித்தரத்தை, அதிமதுரம், கண்டந்திப்பிலி, தாளிசபத்திரின்னு ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்திருக்காங்க. எது யாருக்கு, எவ்வளவு? 2025 அக்டோபர்ல வந்த சிரப் செய்திக்கு அப்புறம் பையனுக்குச் சிரப் ஊத்தவே கை வரலை. அளவோட சொல்லுங்க. "கொஞ்சம்", "தேவையான அளவு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

வைகைக்கரை:

கோளாறு பொடியில்தான் இருக்கிறது. உங்கள் கணக்கில் மல்லியைவிடச் சுக்கு இரண்டு மடங்கு. இருக்க வேண்டியது நேர் தலைகீழ்: மல்லி 100 கிராம் என்றால் சுக்கு 25 முதல் 30, மிளகு 5 முதல் 7. திப்பிலி வேண்டவே வேண்டாம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம்; அது கட்டிக் கிடக்கும் சளியை இளக்கிக் கிளப்புவதற்கான சரக்கு. கிளப்புவதற்குச் சளியே இல்லாத தொண்டையில் அதை ஊற்றினால் காரம் வெறும் புண்ணில் போய் உட்காரும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு நுனிதான் மிளகின் காரத்தையும் சுக்கின் காரத்தையும் உணர்கிறது. இருமலை ஆராய்கிறவர்கள் ஆளை இருமவைத்துப் பார்ப்பதற்கே மிளகாயின் காரச்சத்தைத்தான் முகரக் கொடுக்கிறார்கள். அப்புறம் அம்மாவுக்கு இருமல் கூடாமல் என்ன செய்யும்?

ஆகவே முதலில் இருமலைப் பிரித்துக்கொள்ளுங்கள். சளி வராமல், தொண்டைக்குழியில் இறகு வைத்துத் தடவினாற்போல அரித்து அரித்து வருவது வறட்டு இருமல். அதற்கு வேண்டியது இனிப்பும் வழவழப்பும், இளஞ்சூடும். இருமும்போது நெஞ்சுக்குள் கொழகொழவென்று ஏதோ நகர்வது தெரிந்தால் அது சளி இருமல். காரமும் கசப்பும் அங்கேதான் பலிக்கும்.

பொடி செய்யும் முறை. சுக்கின் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று சொல்வது சும்மா இல்லை. கடையில் வெளேரென்று இருக்கும் சுக்கு பெரும்பாலும் சுண்ணாம்பு ஏற்றியது. சுரண்டியதை அம்மியிலோ இடிகல்லிலோ நசுக்கிவிட்டு அப்புறம் மிக்சியில் போடுங்கள், முழுசாகப் போட்டால் பிளேடு மழுங்கும். மல்லியைச் சிறு தீயில் வாசம் கிளம்பும்வரை மட்டும் வறுக்க வேண்டும். நிறம் கருத்தால் கசக்கும். அரைத்ததைச் சலிப்பது கட்டாயம். சுக்கு நார் ஒரு இழை தொண்டையில் ஒட்டினாலே இருமல் பிடித்துக்கொள்ளும்.

200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, தட்டி அளந்தது, குவித்தது அல்ல. கொதி வந்த பிறகு 3 அல்லது 4 நிமிடம் போதும். பாதியாக வற்றவைக்கிற வேலை இதற்குக் கிடையாது, இது பானம். கஷாயம் என்பது வேறு கணக்கு: ஒன்றிரண்டாக இடித்த சரக்கு 5 கிராம், தண்ணீர் 240 மில்லி, அது 60 மில்லியாக வற்ற வேண்டும், வடித்த 3 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். நிலவேம்பு, கபசுரக் குடிநீர் போடுகிறார்களே, அதே அளவு. நீங்கள் பானத்துக்கான பொடியைக் கஷாயம்போல வற்றவைத்து, அளவையும் இரட்டிப்பாக்கி, ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்திருக்கிறீர்கள்.

அம்மாவுக்கு அதிமதுரம் சரியாக வரும். விரல் கணு நீளத்துக்கு ஒரு துண்டு, மேல்தோல் சீவி, கடைவாயில் அடக்கிச் சாறு மெதுவாக இறங்கவிட வேண்டும். வறட்டு இருமலுக்கு அதற்கு ஈடாக ஒன்று சொல்வது கஷ்டம்.

பார்மசி பாண்டி:

வைகைக்கரை அண்ணே, மத்ததெல்லாம் சரி, கடைசிப் பத்தியை மட்டும் நிறுத்திக்கங்க. அந்த அம்மாவுக்குப் பிரஷர் இருக்குன்னு முதல் வரியிலயே போட்டிருக்காங்க. அதிமதுரத்துல இருக்கிற கிளைசிரைசின் உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வைக்கும், பொட்டாசியத்தை வெளியேத்தும். பிரஷர் ஏறும், கால் வீங்கும். நீர் பிரியுற மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுறவங்களுக்குப் பொட்டாசியம் இன்னும் இறங்கி இதயத் துடிப்பு தப்பும். பிரஷர், இதயக் கோளாறு, கிட்னிக் கோளாறு, கர்ப்பம் இந்த நாலு பேரும் அதிமதுரம் பக்கமே போக வேண்டாம். மத்தவங்களும் ஒரு வாரத்துக்கு மேல தொடர வேண்டாம்.

அதைவிட முக்கியம்: அம்மா சாப்பிடுற பிரஷர் மாத்திரை பேர் என்ன? அட்டையில பிராண்ட் பேருக்குக் கீழே சின்ன எழுத்துல இருக்கும் பாருங்க. அது "ப்ரில்"னு முடிஞ்சா (எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் மாதிரி) இந்த இருமல் சளியோட மிச்சமாவும் இருக்கலாம், மாத்திரை கொண்டு வந்ததாவும் இருக்கலாம். அந்த வகை மாத்திரைக்கு வறட்டு இருமல் தெரிஞ்ச பக்க விளைவு. அதுக்குச் சுக்கும் கேட்காது, தேனும் கேட்காது.

பையன் விஷயம். 5 வயசுக்குக் கீழே இருமல் சிரப் பொதுவா வேண்டாம், 2 வயசுக்குக் கீழே எழுதவே கூடாதுன்னு மத்திய சுகாதாரத் துறையும் 2025 அக்டோபர்ல சொல்லிருச்சு. மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க கிட்னி போய் இறந்தது சிரப்புல கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற நச்சுனால. கலப்படம் இல்லாத சிரப்பா இருந்தாலும் சின்னப் பிள்ளைங்க இருமலுக்கு அது பெருசா ஒண்ணும் பண்றதில்லை. மருந்துக்கடையில நிக்கிறவன் நானே சொல்றேன், வாங்காதீங்க.

தேன் குடுங்க. 2 முதல் 5 வயசு வரை அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வரை ஒரு தேக்கரண்டி, 12-க்கு மேல ரெண்டு. படுக்கப் போறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, அப்படியே நக்கட்டும், எதிலயும் கலக்க வேண்டாம். அமெரிக்காவுல 2007-ல குழந்தைங்களை வெச்சு இதே அளவுல சோதிச்சாங்க. மருந்து எதுவும் குடுக்காத பிள்ளைங்களைவிடத் தேன் சாப்பிட்டதுங்க ராத்திரி நல்லாத் தூங்குச்சு. ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. பாட்டி சேனை வெச்சாங்க, ஒண்ணும் ஆகலைன்னு வராதீங்க. தேன்ல இருக்கிற பொட்டுலிசக் கிருமியோட வித்துக்கள் அந்தக் குடல்ல முளைச்சு நரம்பை முடக்கும். கொதிக்க வெச்சாலும் அந்த வித்து சாகாது.

செல்லத்தாயி சமையல்:

பையன் காரத்தைத் துப்புறான்னா நாக்கு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், விடுங்க. அவனுக்குக் கற்பூரவள்ளி போதும். ஒரு முத்தின இலை, கழுவித் துடைச்சு, தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் சுருங்குற வரைக்கும் வாட்டிக் கையால பிழிஞ்சா அரைத் தேக்கரண்டிச் சாறு வரும். வாட்டாம பிழிஞ்சா சாறும் வராது, நாக்கையும் அரிக்கும். அதுல அரைத் தேக்கரண்டித் தேன், ரெண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணி. காலையில ஒரு வேளை, அதுவும் இட்லி ஒண்ணு உள்ளே போன பிறகு. வெறும் வயித்துல குடுத்தா அதுக்கும் வாந்திதான்.

ராத்திரி வாந்தின்னு சொல்லியிருக்கீங்களே, சாப்பாட்டை 7 மணிக்கே முடிச்சிருங்க. பிள்ளைங்க சளியைத் துப்பாது, முழுங்கும். முழுங்கின சளியும் ராத்திரி குடிச்ச ஒரு டம்ளர் பாலும் சேர்ந்து வயித்துல கிடக்கும், இருமல் ஒரு உலுக்கு உலுக்கினதும் வெளியே வந்துரும். பால் சளி பிடிக்கும்னு நிறுத்த வேண்டியதில்லை, படுக்கிற நேரத்துல குடுக்காம சாயங்காலம் 5 மணிக்குக் குடுங்க.

மஞ்சப் பால்ல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு: காய்ச்சின பால்ல கடைசியா மஞ்சளைத் தூவி ஆத்திக் குடுக்கிறது. மஞ்சள் வேகாம அடியில மண்ணு மாதிரி நிக்கும், கடைசி வாய்ல அது தொண்டையில உரசி இருமல் வரும். கால் தேக்கரண்டி மஞ்சத்தூளை அரை டம்ளர் தண்ணியில போட்டு 4 நிமிஷம் கொதிக்க விடுங்க. பிறகு 150 மில்லி பால், தட்டின மிளகு ரெண்டே ரெண்டு. மிளகு இல்லாம மஞ்சளோட சத்து ஒட்டாது, அதுக்காகத்தான் ரெண்டு; பத்துப் போட்டா மறுபடி எரிச்சல். துணியில வடிகட்டிருங்க. கருப்பட்டி போடுறதா இருந்தா அடுப்பை அணைச்ச பிறகுதான், இல்லைன்னா பால் திரிஞ்சு போகும். கருப்பட்டியைத் தனியாக் கரைச்சு வடிச்சுத்தான் ஊத்தணும், அடியில மண்ணும் சுண்ணாம்பும் நிக்கும்.

பெரியவங்களுக்குத் தூதுவளை ரசம். அம்மாவுக்கு நெஞ்சுல சளி இல்லைன்னா இப்ப வேண்டாம். அடுத்த சளிக்குக் குறிச்சு வெச்சுக்கங்க. இலை இருபது. ஒவ்வொரு இலையையும் திருப்பிப் போட்டு நடு நரம்புல வரிசையா இருக்கிற முள்ளைக் கத்தரிக்கோலால வெட்டுங்க, காம்புலயும் இருக்கும். வேலை பெருசுதான், ஆனா முள்ளோட அரைச்சுட்டா ரசம் குடிக்கிறது தொண்டைக்குத் தண்டனை. அரைத் தேக்கரண்டி நெய்ல இலை சுருண்டு நிறம் மாறுற வரைக்கும் வதக்கி, மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு நாலு பல் சேர்த்து அரைங்க. புளி சுண்டைக்காய் அளவுக்கு மேல வேண்டாம், புளிப்பு தொண்டையைச் சொறியும். தக்காளி ஒண்ணு, தண்ணி அரை லிட்டர். ஓரத்துல நுரை கட்டினதும் இறக்கிடணும், தளதளன்னு கொதிச்சா கசந்துபோகும்.

நெஞ்செலும்பு சூப்பு மருந்து மாதிரி பேசுறாங்க நம்ம ஊர்ல. சூடும் உப்பும் தொண்டைக்கு இதமா இருக்கும், உடம்புக்குத் தெம்பு. ஆனா கடைச் சூப்புல மிளகுத்தூளை அள்ளிக் கொட்டுவாங்க. வீட்டுல வெச்சுக் குடிங்க.

கீழவெளி:

அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா? மதுரை கீழமாசி வீதிப் பக்கம் சரக்கு வாங்குகிறவர்கள் மொத்தமாகக் கட்டிக் கொடுப்பதை வாங்கவே கூடாது. எல்லாவற்றையும் 25 கிராம், 50 கிராம் என்று தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

அதிமதுரம்: வெளியே பழுப்பு, உள்ளே மஞ்சள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்ததும் இனிக்க வேண்டும், கசப்பு பின்னால்தான் வரும். உள்ளே கருத்திருந்தால் பழசு. சித்தரத்தை: செம்பழுப்பு, சுண்டுவிரல் கனம், வளையம் வளையமாகக் கோடு, உடைத்தால் மூக்கில் ஏறும் வாசம். கட்டைவிரலைவிடப் பருமனாக இருந்தால் அது பேரரத்தை, விலை குறைவு, கலந்துவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு அதிமதுரத்துக்குப் பதில் சித்தரத்தைதான். பட்டாணி அளவுத் துண்டு ஒன்று, கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளட்டும், ஒரு நாளைக்கு இரண்டு துண்டு. கடித்தால் காரம், பிறகு பழைய கதை. பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள், மூச்சுக்குழாயில் போய் அடைக்கிற அளவு அது. கண்டந்திப்பிலி கணுக்கணுவாக இருக்கும் திப்பிலி வேர், தண்டு. இருமலுக்குப் பொடியாகச் சாப்பிடுவதைவிட ரசத்தில் தட்டிப்போடுவதற்குத்தான் லாயக்கு. தாளிசபத்திரி என்ற பெயரில் வருவது எந்த இலை என்று கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. அதை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

பனங்கற்கண்டில் ஏமாற்று அதிகம். சர்க்கரைக் கல்கண்டுக்கு நிறம் ஏற்றியது ஒரே அளவாக, கண்ணாடிபோலப் பளபளக்கும். நிஜமானது கோணல்மாணலாக, மங்கலான பழுப்பில், இடுக்கில் பாகு ஒட்டியிருக்கும். வாயில் போட்டால் பதநீர் வாசம். தேனுக்குத் தண்ணீரில் ஊற்றிப் பார்ப்பது, தாளில் வைப்பது, திரியை நனைத்து எரிப்பது எல்லாம் பொழுதுபோக்கு. பாகு கலந்த தேனும் அந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிடும். அக்மார்க் முத்திரை பார்த்து வாங்குங்கள். ஊர் ஊராகக் குடத்தில் தூக்கி வரும் மலைத்தேனை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

வெற்றிலை மட்டும் நமக்குப் பக்கத்திலேயே நல்லது கிடைக்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. ஒரு இலை, காம்பும் நுனியும் கிள்ளி, இரண்டு மிளகு வைத்து மெல்வது சளி இருமல் உள்ள பெரியவர்களுக்கு. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அது வேறு பழக்கம்.

அலங்காநல்லூர் முத்து:

யாரும் ஆடாதோடையைச் சொல்லவில்லையே! வேலியோரம் வளர்கிறது, காசா பணமா? ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும் என்பார்கள். அதோடு நொச்சி போட்டு இரண்டு பேருக்கும் ஆவி பிடிக்க வையுங்கள், ரெண்டே நாளில் ஓடிவிடும்.

வைகைக்கரை:

முத்து, ஆடாதோடை நல்ல சரக்கு. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் இல்லை. அது சளியை நீர்க்கவைத்து வெளியேற்றுவது. கெட்டிச் சளி கட்டிக்கொண்டு, இருமியும் வராமல் திணறுகிற பெரியவருக்கு முதிர்ந்த இலை இரண்டு, நடு நரம்பு நீக்கி நறுக்கி, 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றவைத்து, ஆறிய பின் ஒரு தேக்கரண்டித் தேன். காலை ஒரு வேளை, 5 நாள். கசப்பு எட்டு ஊருக்குக் கேட்கும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது, கருப்பையைச் சுருக்கும். இலையை அடையாளம் தெரியாமல் பறிக்கவும் கூடாது: எதிரெதிராக, மாவிலைபோல நீண்டு, ஒற்றை இலையாக இருக்கும், பூ வெள்ளை, உதட்டில் ஊதாக் கோடு. ஒரே காம்பில் மூன்றோ ஐந்தோ இலை விரிந்தால் அது நொச்சி.

பாண்டி சொன்ன அதிமதுரத் திருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் வரியைப் பார்த்தும் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

பார்மசி பாண்டி:

மருந்துக்கடையில சளி இளக்குற சிரப்பு, மாத்திரையில வர்ற ப்ரோம்ஹெக்சின், ஆம்ப்ராக்சால் ரெண்டுமே ஆடாதோடையில இருக்கிற வாசிசின்ங்கிற சத்தைப் பார்த்து உண்டாக்கினதுதான். அதனால சிரப்பும் குடிச்சுக்கிட்டுக் கஷாயமும் குடிக்கிறது ரெட்டை வேலை.

ஆவி பத்திக் கொஞ்சம் சொல்லணும். 4 வயசுப் பையனைப் போர்வைக்குள்ள கொதிக்கிற சட்டிக்கு முன்னாடி உட்கார வைக்கவே கூடாது. சட்டி கவிழ்ந்து தொடை வெந்து வர்ற பிள்ளைங்க எல்லா ஊர்லயும் உண்டு. குளியலறையில வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, 10 நிமிஷம் மடியில வெச்சு உட்காருங்க, போதும். பெரியவங்க பிடிக்கிறதா இருந்தா சட்டியை அடுப்புல இருந்து இறக்கித் தரையில வெச்சு, ரெண்டு நிமிஷம் கழிச்சு, முகம் ஒரு அடி தூரத்துல, 5 நிமிஷம். நொச்சி ஒரு கைப்பிடி போடலாம். கற்பூரமும் தைலமும் தண்ணிக்குள்ள போடாதீங்க, கண்ணு எரியும், தொண்டை இன்னும் காயும்.

தேங்காய் எண்ணெயில கற்பூரம் காய்ச்சிப் பிள்ளை நெஞ்சுல தேய்க்கிறது நம்ம பக்கம் வழக்கம். 2 வயசுக்குக் கீழே வேண்டாம். அதுக்கு மேலயும் மூக்குல, உதட்டுக்கிட்ட படக் கூடாது. கற்பூரம் உள்ளே போனா வலிப்பு வரும். மூக்குல எண்ணெய் விடுறதும் கூடாது, அது நுரையீரலுக்கு இறங்கித் தனி நிமோனியா. பையனுக்கு மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில உப்புத் தண்ணிச் சொட்டு மருந்து கேளுங்க, மருந்து கலக்காத வெறும் சலைன். படுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ரெண்டு சொட்டு. ராத்திரி இருமல்ல பாதி, மூக்குச்சளி பின்பக்கமா தொண்டையில வடியுறதாலதான்.

பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குறதை முழுசா 60 விநாடி எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால பெருக்காதீங்க, குழந்தை மூச்சு சீரா இருக்காது. ஒரு வயசுலயிருந்து 5 வயசுக்குள்ள நிமிஷத்துக்கு 40-க்கு மேல போனா, விலாவுக்குக் கீழே குழி விழுந்தா, அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி. ஒரு வயசுக்குள்ளனா கணக்கு 50, ரெண்டு மாசத்துக்குள்ளனா 60. விடாம இருமி, கடைசியில கூவுற மாதிரி மூச்சை இழுத்து, முகம் சிவந்து வாந்தி எடுத்தா கக்குவானா இருக்கலாம். ஒன்றரை வயசுல போடுற ஊக்கத் தடுப்பூசி போட்டாச்சான்னு அட்டையைப் பாருங்க.

திருமங்கலத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. மூச்சு எண்ணினேன், 28. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. அம்மா மாத்திரை அட்டையில எனலாப்ரில் 5 மி.கி.ன்னு இருக்கு, ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது. நிறுத்திப் பார்க்கட்டுமா? அவங்களுக்குச் சுகர் இருக்கிறதால தேன், கருப்பட்டி எதுவும் முடியாது. அப்ப என்னதான் குடுக்கிறது? அரைச்ச பொடியைக் கீழேதான் கொட்டணுமா?

பார்மசி பாண்டி:

நீங்களா நிறுத்தாதீங்க, பிரஷர் எகிறிரும். எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட "12 நாளா வறட்டு இருமல், இந்த மாத்திரை மூணு மாசமா" அப்படின்னு இந்த ரெண்டு தகவலையும் சேர்த்துச் சொல்லுங்க. சார்ட்டான்னு முடியுற வேற வகைக்கு மாத்துவாங்க. மாத்தின மறுநாளே இருமல் நிக்காது. பெரும்பாலும் ஒண்ணுலயிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல. இடையில "மாத்தியும் நிக்கலையே"ன்னு பழைய மாத்திரைக்குத் திரும்பிடாதீங்க.

மாத்திரைதான் காரணம்னு முடிவு கட்டிட்டு மத்ததை விட்டுடவும் கூடாது. சளிக்குப் பின்னாடி வர்ற இருமல் சராசரியா 18 நாள் இருக்கும், ஒரு வாரத்துல போயிரணும்னு யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனா ரெண்டு வாரம் தாண்டினா, அதுவும் சுகர் இருக்கிறவங்கன்னா, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்டு எடுத்துருங்க. டிபி பரிசோதனை இலவசம். அம்மாவுக்கு அந்த ரெண்டு வாரம் முடிய இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு. சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது, சளியில ரத்தம் இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அந்த ரெண்டு நாளும் காத்திருக்க வேண்டாம்.

செல்லத்தாயி சமையல்:

அம்மாவுக்கு இனிப்பில்லாம: 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணியில அரைத் தேக்கரண்டி கல்லுப்பைக் கரைச்சு, தலையை அண்ணாந்து தொண்டையில நிறுத்தி 15 விநாடி, நாலஞ்சு தடவை. காலையில ஒண்ணு, படுக்கப் போகும்போது ஒண்ணு. துப்பிடணும், பிரஷர்காரங்க முழுங்கக் கூடாது. பகல்ல ஃபிளாஸ்க்ல வெந்நீர் வெச்சுக்கிட்டு, இருமல் வரப்போகுதுன்னு தொண்டை அரிக்கும்போதே ஒரு மடக்கு முழுங்கணும். வந்த பிறகு குடிச்சா புரை ஏறும். தேன் ஒரு தேக்கரண்டியில ஆறு கிராம் கிட்டச் சர்க்கரை இருக்கு, கருப்பட்டியும் சர்க்கரைதான். "இயற்கை"ன்னு சொல்லி யாராவது குடுத்தா வாங்காதீங்க.

படுத்தா கூடுதுன்னா ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடச் சொல்லுங்க. கட்டில்ல தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில ஆளுக்கு ஒரு செங்கல் வைங்க. தலையணையை அடுக்கினா கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. ஃபேன் நேரா முகத்துல அடிக்காம பார்த்துக்கங்க.

கொசுவத்திச் சுருள் கொளுத்துற வீடா? முதல்ல அதை அணைங்க. ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுக்குள்ள விடுற நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாதுன்னு 2003-ல வந்த ஒரு ஆய்வுல அளந்து வெச்சிருக்காங்க. வலை கட்டிப் படுங்க. பையனுக்குத் தலைக்கு ஊத்தினதும் சாம்பிராணி காட்டுறதும் இருமல் நிக்கிற வரைக்கும் வேண்டாம், துண்டால துவட்டினா முடி காயும்.

வைகைக்கரை:

பொடியைக் கொட்ட வேண்டாம். உங்களிடம் இருப்பதில் சுக்கு 100, மல்லி 50. இன்னும் 300 கிராம் மல்லியை வாசம் வரும்வரை வறுத்து அரைத்துச் சேர்த்தால் மல்லி 350, சுக்கு 100, மிளகு 25 என்று கணக்கு சரியாகிவிடும். திப்பிலி 10 கிராம் அந்த மொத்தத்தில் கரைந்துபோகும். சுக்கைச் சுரண்டாமல் அரைத்திருந்தால் மட்டும் மறுபடி ஒருமுறை மெல்லிய துணியில் சலித்துவிடுங்கள். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் மூன்று மாதம் தாங்கும். அம்மாவுக்கு இனிப்பில்லாமல் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், மாலையில். குடித்த பின் எரிந்தால் அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள். அப்போதும் எரிந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள்.